மூன்று கொட்டேஷனில் ஒன்று நான்

நெய்வேலி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கறிவேப்பிலையைச் சும்மா கிள்ளிப் பையில் போடுவார்கள். மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் அதே கறிவேப்பிலைக்கு மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்டு, கட்டம் போட்டு எழுதி, குறைந்த விலைக்காரனுக்கு ஆர்டர் தர வேண்டும். பர்ச்சேஸ் கிளார்க் என்றால் இதுதான் வேலை. லாரி லாரியாகச் சரக்கு வாங்குகிறவனுக்குச் சம்பளமும் அப்படித்தான் வரும் என்று ஊரில் நினைக்கிறீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெய்வேலி நகரியத்தில் சுரங்கத்து பர்மனென்ட் ஆள் ஒருவர் வாங்குவதை என் சம்பளம் எட்டிக்கூடத் தொடாது.

அந்த பர்மனென்டுக்குக் காத்திருந்தே அப்பாவின் ஆயுசு கரைந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. டெண்டரில் குறைந்த ரேட் போட்ட முதலாளிகள் வருவார்கள், போவார்கள். அப்பாவுக்கு மட்டும் அதே ஷிப்ட், அதே மண்வெட்டி. எங்கள் பக்கம் பெண் கேட்கப் போனால் பையன் பெயரைக் கேட்பதற்கு முன்னால், “பர்மனென்டுங்களா, கான்ட்ராக்டுங்களா?” என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் விமானம் ஏறினேன். இங்கேயும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கான்ட்ராக்ட்தான் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

எண்ணெய் விலை விழுந்த வருடம் என் கான்ட்ராக்ட் முடிந்தது. மேனேஜர் ஓமானி, நல்ல மனிதர். மூன்று தாள்களை என் மேஜையில் வைத்தார். இரண்டு, என் இடத்துக்கு ஆள் தர ஏஜென்சிகள் கொடுத்த ரேட். மூன்றாவது, என் இப்போதைய சம்பளம். வழக்கம்போலக் கட்டம் போட்டுத் தரச் சொன்னார். இருப்பதிலேயே குறைந்த ரேட்டுக்கு நேரே இருந்த பெயர் செல்வம். என் தங்கை கவிதாவின் கணவர். அப்பாவைப் போலவே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். போன லீவில் ஏஜென்சி நம்பரைக் கொடுத்து, “எவ்ளோ சொன்னாலும் சரின்னு சொல்லிடுங்க மாப்ள, மொதல்ல உள்ள வந்துடுங்க” என்றவனே நான்தான்.

“இவர் உன் ஊரா?” என்று கேட்டார் மேனேஜர்.

“என் தங்கை புருஷன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் கவலையே இல்லை. வேலையை நீயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம்!” என்று தோளில் தட்டினார். என் ரேட்டைத் திருத்துவதானால் மாலைக்குள் திருத்தலாம் என்றும் சொன்னார்.

திருத்தினேன். மாப்பிள்ளையின் ரேட்டுக்கு ஐந்து ரியால் கீழே போட்டு என் பெயருக்கு நேரே எழுதினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

அந்த வாரமே கவிதா போன் செய்து அழுதாள். “விசா வந்துடும்னு சொல்லிகினு இருந்தாங்கண்ணா. எவனோ ரேட்ட கொறச்சிகினு பூந்துட்டானாம். அவன் வூடு வெளங்குமா?”

“வெளங்காதும்மா” என்றேன்.

ஊருக்குப் பக்கத்தில் காடாம்புலியூரில், என் சம்பளத்தில் எழும்பி, பாதிச் சுவரோடு நிற்கிறது என் வீடு. சிமென்ட் காயாமல் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் கவிதாதான்.