மெஷினுக்குப் போட்ட மாலை

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, பெங்களூரு ஆடுகோடியில், ஒரு லேத்துப் பட்டறைக்கு மேலே இருக்கும் என் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் என் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வீட்டில் கேட்க ஆளில்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என் வண்டவாளம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பட்டறையில் கிரைண்டிங் வேலை. இரும்புத் தூளையும் சிகரெட் புகையையும் பாரபட்சம் பார்க்காமல் உள்ளே இழுத்தவன். கடைசியில் நுரையீரல் முக்கால் கடையை மூடிவிட்டது. மிச்சக் கடையை நடத்த, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஸ்டூல் உயரத்துக்கு ஒரு பெட்டி. நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் நீளமான டியூபை மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. மாட்டையாவது பிடித்து நடத்த ஒரு ஆள் இருக்கும். என் மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது, பிள்ளைகளும் இல்லை.

ஆனால் அந்த டியூப் இருக்கிறதே, அது அடுப்படி வரை எட்டும், பாத்ரூம் வரை எட்டும், பால்கனிக் கதவு வரை எட்டும். அதுதான் என் ராஜ்ஜியம். அதற்குள் நானே கரண்ட் அடுப்பில் டீ போடுவேன், நானே துணி மடிப்பேன், கீழே பட்டறை ஆட்களை மேலே இருந்தே கிண்டல் செய்வேன். யார் தயவும் வேண்டாம்.

ஹெப்பகோடியில் இருக்கும் அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீடு அவளுடையது. என்னையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹாலில் ஒரு மூலையில் மெஷின், மெஷின் பக்கத்தில் நான். வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதற்குப் பயந்துதான் போகாமல் இருந்தேன்.

அன்று காலை கையில் ஒரு பெரிய காலிப் பையோடு வந்து நின்றாள்.

"பூஜை முடிஞ்சதும் கெளம்புற. சாயங்காலம் பையன் வண்டி எடுத்துக்கினு வர்றான்."

"மெஷினு?"

"அதுவுந்தான். ஒன்ன வுட்டு அது எங்க போவப்போவுது?"

மறுத்துப் பேச எனக்கு மூச்சு போதாது. அவளுக்குப் போதும்.

கீழே பட்டறையில் லேத்தையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மெஷினை ஓட்டக் கூடாது. வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒருநாள் ஓய்வு. மொத்தக் கட்டடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது என்னுடைய மெஷின் ஒன்றுதான். நிறுத்தினால் அதற்கு ஒருநாள் லீவு, எனக்கு நிரந்தர லீவு. பாவம், பூஜையாவது போடலாம் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஜாக்கிரதையாகத்தான் செய்தோம். ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பே ஆகாது என்று மெஷின் கொண்டுவந்த ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் கற்பூரம் இல்லை, ஊதுவத்தி இல்லை, விளக்குகூட இல்லை. நான் ஈரத்துணியால் மெஷினைத் துடைத்தேன். அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்து, மார்க்கெட்டில் வாங்கிய கனமான சாமந்தி மாலையைத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து மெஷினைச் சுற்றிக் கட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிக்கினு வந்திருக்கலாம்ல? அப்புறம் அதுக்குன்னு ஒருவாட்டி மார்க்கெட்டுக்கு அலையணும்" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு, வாய!"

சாவதுபோல் நடிப்பது சின்ன வயதிலிருந்தே என்னுடைய ஆஸ்தான காமெடி. நாக்கைத் தள்ளி, தலையைத் தொங்கப் போட்டுக் கிடப்பேன். எல்லாரும் பதறியதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "வடை இருக்கா?" என்பேன். எங்கள் அப்பா இறந்த வீட்டில்கூட இதைச் செய்து உதை வாங்கியிருக்கிறேன்.

கீழே பூசணிக்காய் உடைக்கும் நேரம். தமட்டை மேளச் சத்தம் கட்டடத்தையே ஆட்டியது. அக்கா பால்கனிக்குப் போய் வேடிக்கை பார்த்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு இறுகியது. துடைத்த களைப்பு என்று நினைத்தேன். மெஷினில் பூவுக்கு நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குங்குமம் என்று நினைத்தேன். மெஷினின் எச்சரிக்கை மணியும் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தத் தமட்டையில் யார் காதில் விழும்?

குங்குமம் அணைந்து அணைந்து எரியாது என்று உறைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெஷின் காற்றை இழுக்கும் ஜன்னல் பின்பக்கம் இருக்கிறது. ஈரச் சாமந்தி அதில் அப்பிக்கொண்டுவிட்டது. எனக்கு மூச்சு கொடுக்கிற மெஷினுக்கே மூச்சு முட்டுகிறது. நெருப்புக்குத்தான் பயந்தோம். பூவைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. மூலையில் அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் மைசூருக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் தெரிந்தது. அந்த நேரம் அக்கா திரும்பிப் பார்த்தாள். என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மாலையைக் கைகாட்டினேன். பிறகு என் கழுத்தைக் காட்டினேன்.

"ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்? மாலைதான வேணும்? ஒதைதான் கெடைக்கும்!"

சிரித்துக்கொண்டே தெருப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாய் திறந்திருந்தது, நாக்கு வெளியே வந்திருந்தது, தலை தொங்கியது. இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த அதே காட்சி. கொஞ்சம் மட்டமான நடிகனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று தோன்றியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்படிப் போனால் சனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே என்றுதான் கவலையாக இருந்தது. சாவைப் பற்றிய கவலை அதற்கு அடுத்துதான் வந்தது.

பால்கனியில் அக்கா காத்திருந்திருக்கிறாள். எப்போதும் வரும் அந்த ஒரு வரிக்காக. அது வரவில்லை.

"என்னடா, வடை கேக்கல?"

ஒரு அடி உள்ளே வந்திருக்கிறாள்.

"டேய்... வடை கேளுடா."

அதற்கப்புறம் அவள் போட்ட சத்தம் தமட்டையையே நிறுத்திவிட்டது என்று பட்டறைக்காரர் பிறகு சொன்னார். என் விரல் காட்டிய இடத்தை மட்டும் நம்பி, மாலையை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்திருக்கிறாள். பட்டறைக்காரர் ஓடிவந்து சிலிண்டரைத் திறந்து டியூபை மாற்றிவிட்டார். "குரு, கண்ணு தெற குரு" என்று, பெங்களூரில் எல்லாரையும் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, அவர் என் கன்னத்தைத் தட்டியது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய், கொஞ்ச நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா மகனின் வண்டி வாசலில் நின்றது. என் ராஜ்ஜியம் கவிழ்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இனி எந்த முகத்தோடு தனியாக இருப்பேன் என்று சொல்வது?

"துணியெல்லாம் எடுத்து வெய்க்கா. வரேன்" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, மெஷினின் பின்பக்கக் கம்பியிலிருந்து ஒவ்வொரு இதழாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் மஞ்சள்.

"வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"நீ பாட்டுக்கு ஒண்டியா நல்லாத்தான் இருந்த. நான் வராம இருந்திருந்தா இன்னிக்கு ஒனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதில் ஜோக் வரவில்லை. பூஜை போடச் சொன்னது நான்தானே என்று சொல்லியிருக்கலாம். அவள் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பால்கனிக் கதவு வரை போய்ப் பார்த்தேன். டியூப் அவ்வளவுதான் எட்டும்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம். வரும்போதெல்லாம் மெஷினிலிருந்து தள்ளியே உட்காருகிறாள். தலையில் பூகூட வைத்துக்கொண்டு வருவதில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். எடுத்ததும் "சொல்லு" என்பாள். நான் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சிரிக்க மாட்டாள். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, "முடிஞ்சிதா?" என்பாள். "முடிஞ்சிதுக்கா" என்பேன். "சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான்.

சமீபத்தில் டாக்டர் மெஷினின் அளவை இன்னும் கொஞ்சம் ஏற்றிவைத்தார். ஒரு முழு வாக்கியத்துக்கு நடுவில் இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, நிற்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் அக்காவும் மூச்சு விடாமல் இருப்பது எனக்குக் கேட்கிறது. ஜோக் சிரிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நான், இப்போதெல்லாம் நாள் முழுக்க சின்னச் சின்ன ஜோக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன், எப்படியாவது முடித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக.