ஐம்பது பொருவிளங்காய் உருண்டைகள்

என் மகள் தன் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறாள். தாத்தா ஒரு பண்டிகைக்கு இருநூறு இனிப்பு உருண்டை செய்தாராம். அதைக் கடித்துச் சந்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் போயிற்றாம். போன ஞாயிற்றுக்கிழமை தாவோ தியென் பகுதியில் இருக்கும் அவள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு நானே இதைக் கேட்டேன். இருநூறு இல்லை, ஐம்பது. போன பற்கள் இரண்டு. இரண்டும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால் பற்கள். மறுநாள் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தவன் நான். தப்பான எண்ணிக்கை ஒரு குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் அதை வெளியேற்றுவது கடினம். அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் பென் தான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். போர் முடிந்து, ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் கணக்கெழுதிய துணிக்கடையின் முதலாளி காரைக்குடிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். தெரிந்த தமிழர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நான் போகவில்லை. என் மனைவி மீத்தோ என்ற ஆற்றங்கரை ஊர்க்காரி. ஆற்றுப்படகுக்கு மேல் பெரிதாக எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு கூட்டுறவுக் கடையில் மறுபடியும் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அரிசியோடு சோளம் கலந்து அளந்து கொடுத்த காலம் அது.

இந்த ஊர்ப்பக்கம் வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த வரிசை எண்தான் பெயர். எனக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் இவர்கள் இரண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். தலைப்பிள்ளை இரண்டு, அடுத்தது மூன்று. ஒன்று என்று எந்த வீட்டிலும் யாரும் கிடையாது. எங்களுக்கு ஒரே மகள். அவளைச் சந்து முழுக்க ரெண்டு என்றுதான் கூப்பிட்டது. இது போதாதென்று, இந்தியர்கள் அத்தனை பேரும் இங்கே ஏழாம் அண்ணன். நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை. இவர்கள் முறைப்படி எண்ணினாலும் நான்கு. எந்த வழியில் போனாலும் ஏழு வராது. சந்துக்காரர்களிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஏழண்ணே" என்றார்கள்.

எட்டாம் மாதப் பௌர்ணமி இங்கே பிள்ளைகளின் பண்டிகை. விளக்குத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போவார்கள், நடுவில் உப்பு முட்டைக் கரு வைத்த நிலாக் கேக் தின்பார்கள். அந்த ஆண்டு பண்டிகைக்கு முந்தைய வாரம், எங்கள் சந்தின் பொறுப்பாளர் ஐந்தாம் அக்கா வீட்டுக்கு வந்தார். கைகாலில் எப்போதும் அவசரம் இருக்கிற அம்மாள்.

"ஏழண்ணே, நீங்க கணக்கு தெரிஞ்சவரு. எட்டு கேக் ஒதுக்கியிருக்காங்க. நம்ம சந்துல நாப்பத்துமூணு பிள்ளைங்க. எப்படி வெட்டறதுன்னு சொல்லுங்க."

நான் யோசித்தேன். ஒரு கேக்கை ஐந்தாக வெட்டினால் நாற்பது. மூன்று பிள்ளைகள் அழும். ஆறாக வெட்டினால் நாற்பத்தெட்டு; யாரும் அழ வேண்டாம், ஆனால் துண்டு கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதிலும் நடுவில் இருக்கும் உப்பு முட்டைக் கரு யாருக்கு எவ்வளவு என்ற பிரச்சினை தீராது.

"ஆறா வெட்டுங்க. ஆனா பத்தாது. பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு நானே பலகாரம் செஞ்சு கொண்டாறேன்" என்றேன்.

ஐந்தாம் அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நான் மனம் மாறுவதற்குள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

மகள் அன்று சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு எட்டு வயது. என்னைப் "பா" என்று கூப்பிடுவாள். அவள் அம்மாவின் ஊரிலும் அப்பனுக்கு அதுதான் சொல், ஆகவே அவள் எந்த மொழியில் என்னைக் கூப்பிட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பா, நீங்க ஒண்ணும் கொண்டு வராதீங்க."

"ஏன்?"

"நம்ம வீட்டுது மஞ்சளா இருக்கும்."

"இது மஞ்சள் இல்லம்மா. பழுப்பு."

"மணக்கும்."

"ஏலக்காய்க்கு எங்க போறது? சுக்கு மட்டுந்தான்."

பிறகு உண்மையைச் சொன்னாள்.

"எல்லார் முன்னாடியும் எண்ணுவீங்க."

எண்ணாமல் எப்படிப் பங்கு வைப்பது என்று நான் கேட்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். மீதியை மனைவிதான் சொன்னாள். சந்துப் பிள்ளைகள் அவளைச் 'சா வா' என்பார்களாம். இந்தியருக்கு இங்கே உள்ள பழைய கேலிப் பெயர் அது. எந்த ஆட்டத்துக்கும் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த ஆண்டுதான் முதல் தடவையாக, விளக்கு வரிசையில் கடைசியில் நிற்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. பால் டின்னில் ஆணியால் துளை போட்டு ஒரு விளக்கு செய்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

"நீங்க ஏதாவது செஞ்சு, அவங்க சிரிச்சாங்கன்னா, அந்தக் கடைசி எடமும் போயிரும்னு பயப்படறா" என்றாள் மனைவி.

"சிரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? பொருவிளங்காய் உருண்டை. எங்க ஊருல பிள்ளை பெத்தவளுக்கே குடுக்கறது."

"இங்க யாரும் பிள்ளை பெறலையே" என்றாள் அவள்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்கும் செய்தி போய்விட்டது. பின்வாங்க வழியில்லை. சிறப்பாகச் செய்து அசத்திவிடுவது ஒன்றே வழி என்று முடிவெடுத்தேன். பொருவிளங்காய்க்கு எண்ணெய் வேண்டாம், நெய் வேண்டாம். அந்த நாளில் இரண்டும் கிடையாது. அரிசியையும் பாசிப்பயறையும் வறுத்து மாவாக்கி, நிலக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சுக்கும் சேர்த்து, கெட்டிப் பாகு ஊற்றிச் சூட்டோடு உருட்ட வேண்டும். வெல்லத்துக்குப் பதில் மனைவியின் ஊரிலிருந்து வந்த கட்டிச் சர்க்கரை இருந்தது. நிறம் அதே, கனம் அதே. குணமும் அதேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாகுதான் இதில் எல்லாமே. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் ணங்கென்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் போடுவது வெண்கலத் தட்டில். எங்கள் வீட்டிலிருந்ததோ அலுமினியத் தட்டு, அதுவும் நடுவில் நசுங்கியது. அதில் எதைப் போட்டாலும் சொத்தென்றுதான் கேட்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் சொட்டு: சொத். இரண்டாவது: சொத். அடுப்பைக் கொஞ்சம் தூண்டினேன்.

"ரெண்டோட அப்பா, போதும், எறக்குங்க" என்றாள் மனைவி.

"சத்தம் வரலையே."

"பாகு பாட்டா பாடும்? கருகற வாசனை வருது."

"நீ சும்மா இரு. இதுக்கு ஒரு முறை இருக்கு."

ஒன்பதாவது சொட்டில்தான் ணங் வந்தது. நான் வெற்றியோடு அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் இன்னொரு நசுங்கல் விழுந்திருந்தது.

உருட்டும்போது கை வெந்தது. மனைவி இரண்டு உருட்டிவிட்டு, "இது பலகாரமா, தண்டனையா?" என்று எழுந்து போய்விட்டாள். நாற்பத்தெட்டை நானே உருட்டினேன். பிள்ளைகளுக்கு நாற்பத்துமூன்று, ஆபத்துக்கு ஏழு.

மறுநாள் காலையில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடித்தேன் என்பது என் பக்கத்திலிருந்து சொல்வது. உருண்டைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் ஒன்றை எடுத்து, நாக்கால் தொட்டு, பிறகு வேண்டுமென்றே கீழே போட்டாள். அது வாசற்படியில் குதித்து, சந்தில் உருண்டு, ஐந்தாம் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. விரிசல்கூட இல்லை.

"நான் வரிசைக்குப் போகலை" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

ஆனாலும் சாயங்காலம் போனாள். பால் டின் விளக்குக்குள் மெழுகுவத்தி வைத்து, அம்மா தலைவாரிவிட, எல்லோருக்கும் கடைசியில், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றாள். கேக்கை ஐந்தாம் அக்கா வெட்டினார். நாற்பத்தெட்டுத் துண்டு, நாற்பத்துமூன்று பிள்ளைகள். மீதி ஐந்தும் போன இடம் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அடுத்து நான் டப்பாவோடு போனேன். எண்ணவில்லை. அதாவது, வாய்விட்டு எண்ணவில்லை.

வரிசையின் தலையில் நின்றவன் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் மகன். முன்பல் விழுந்தவன், சந்தின் சட்டதிட்டங்களை எல்லாம் வகுப்பவன். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் முதலில் கடித்தவன் அவன்தான், கடைவாயில் வைத்து. கண் பிதுங்கியது.

"கல்லு! சா வா கல்லு குடுக்கறாரு!"

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தன. நாற்பத்துமூன்றாவது தன் விளக்கைக் கீழே வைத்தது.

"வாயில போட்டு ஊற வச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார் ஐந்தாம் அக்கா. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்ததால் அதுவும் சரியாகப் புரியவில்லை.

அந்தப் பையன் உருண்டையைக் கையில் திருப்பிப் பார்த்தான். பிறகு, என்னை அவமானப்படுத்தத்தான் இருக்க வேண்டும், தரையில் குந்தி, பக்கத்துப் பையன் கீழே போட்டிருந்த உருண்டையைக் குறி பார்த்துச் சுண்டினான். டக். பட்ட உருண்டை சுவர் வரை ஓடியது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிரித்த பிள்ளைகள் நெருங்கி வந்து குனிந்து பார்த்தன. கண்ணாடிக் கோலி கடைகளில் வராமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைகள் களிமண்ணை உருட்டிக் காயவைத்து விளையாடும். நாலு அடிக்கு உடைந்துவிடும். இப்போது நாற்பத்துமூன்று பேர் கையிலும் உடையாத கோலி. விளக்குகளைச் சுவரோரம் வைத்துவிட்டு எல்லாம் தரையில் குந்திவிட்டன. கரியால் வட்டங்கள் போட்டாகிவிட்டது.

மகள் சுவரோரம் நின்று பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. பிறகு அவளே வட்டத்தருகே போய்க் குந்தினாள்.

"நீ எதுக்கு?" என்றான் அந்தப் பையன்.

"எங்க அப்பா செஞ்சது" என்றாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.

அவள் நடுவிரலை வளைத்துச் சுண்டினாள். அவன் உருண்டை வட்டத்துக்கு வெளியே போயிற்று. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தக் குறி எங்கிருந்து வந்தது?

"லோங்கான் பழக் கொட்டை" என்றாள் என் பக்கத்தில் நின்ற மனைவி. "நீங்க கடையிலேருந்து வர்ற வரைக்கும் தெனம் சாயங்காலம் அதைச் சுண்டறதுதான் வேலை. கூட ஆட ஆள் இல்லையே. அவளே இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு."

டப்பாவில் மிச்சமிருந்தவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டத்தில் சீக்கிரமே ஒரு சிக்கல் வந்தது. தோற்கிறவர்கள் ஆறுதலுக்குத் தங்கள் உருண்டையை வாயில் போட்டுச் சப்பினார்கள். சப்பச் சப்ப அது சிறியதாகி, குறி வைக்கக் கஷ்டமாயிற்று. எச்சில் பட்டதோ கையில் ஒட்டிக்கொண்டது.

"சப்பினா ஆட்டத்துல இல்ல!" என்று என் மகள் கத்தினாள்.

"நீ யாரு சட்டம் போட?" என்றான் பையன்.

"சப்பறதுன்னா சப்பிக்க. ஆடறதுன்னா ஆடு. ரெண்டுல ஒண்ணு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்த உருண்டையைக் கன்னத்துக்குத் தள்ளி யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு சொல்றதுதான்" என்றான்.

விளக்கு ஊர்வலம் அன்று நடக்கவேயில்லை. ஐந்தாம் அக்கா இரண்டு தடவை கைதட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மகள் சட்டை மடியில் உருண்டைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொன்று. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள். ஏழு. முன்னால் ரிக்‌ஷாக்காரர் மகன்.

"மாமா, ரெண்டு இருக்காளா?"

அடுத்த பௌர்ணமிக்குள் இன்னொரு ஈடு போடச் சொல்லிச் சந்திலிருந்து கோரிக்கை வந்தது. இம்முறை நான் யாரிடமோ வெண்கலத் தட்டு இரவல் வாங்கி, சர்க்கரையை நிறுத்து, ணங்கென்றதும் இறக்கினேன். எங்கள் ஊரில் செய்வது போலவே வந்தது. கடித்தால் கடக்கென்று உடைந்து, நாக்கில் சுக்கு ஏறியது. மனைவி இரண்டாவதற்குக் கை நீட்டினாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகள் வந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு ஓடின. சற்று நேரத்தில் திரும்பி வந்தன.

"மாமா, இது ஒடையுது."

"ஒடையத்தான் வேணும். திங்கறதுக்குத்தானே?"

"போன தடவை செஞ்சதுதான் நல்லா இருந்துச்சு" என்றான் பையன், மரியாதையோடு, ஆனால் தீர்மானமாக.

நான் மகளைப் பார்த்தேன். அவள் வாய் நிறைய வைத்து மென்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, பா. ஆனா இத வச்சு என்ன பண்றது?"

வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பழைய உருண்டைகள் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.