தலைக்குப் போன கைகள்

எண்ணூரில் எங்கள் தெருக்கோடித் தகரக் கொட்டகையில் கராத்தே வகுப்பு நடக்கிறது. எட்டு வயது மகளைச் சேர்க்கலாமா, மாஸ்டருக்கு விஷயம் தெரியுமா என்று சோதிக்கத்தான் போனேன்.

மாஸ்டர் ஒரு பெண். மகளை எதிரே நிறுத்தி, சும்மா கையை ஓங்கினார். மகள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள்.

மாஸ்டர் என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார். "புதுசா வர்ற புள்ளைங்க கண்ணத்தான் சார் மூடும். இது தலைய மூடிக்கினு குந்துது. வூட்ல யாரு அடிக்கிறது?"

வீட்டுப்பாடத்தில் தப்பு செய்தால் தலையில் நாலு தட்டு தட்டுவேன். அதை அடி என்றே நான் நினைத்ததில்லை.

அன்றே சேர்த்தேன். அடிப்பதையும் நிறுத்தினேன். ஆனால், ஃபேன் சுவிட்சைப் போட அவளைத் தாண்டிக் கை நீட்டினால், இன்றும் அவள் கைகள் தலைக்குப் போகின்றன. அது மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது.