ஒரே டிரம்மில் போடக்கூடாத கற்கள்

போன வாரம் செங்கல்பட்டில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். உட்காரும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் மணி பிளான்ட், அடியில் வழவழவென்று கூழாங்கற்கள். மருமகள் டோக்கன் வாங்கப் போன நேரத்தில் ஒரு கல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். "அத்தை, இன்னா பண்றீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஓடிவந்து பிடுங்கிப் போட்டாள். கண் காட்ட வந்த கிழவி கல்லைக் கடித்தால் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. பளபளக்கும் கற்களுக்கு நடுவில் அந்த ஒன்று மட்டும் மங்கல், ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. சேர்க்கக்கூடாததைச் சேர்த்து உருட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளுடையது. கல் மட்டும் எனக்குத் தெரியும்.

என் மூத்தவன் வயிற்றில் இருந்த வருஷம், எழுபத்து நாலோ அஞ்சோ. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. பம்பாயில் இருந்துவிட்டு வந்த ஒருவர் அங்கே இரும்பு டிரம் ஒன்றைப் படுக்கவைத்து, உள்ளே லாரி டியூபை வெட்டி ஒட்டி, மோட்டார் பெல்ட் போட்டுச் சுற்றவிட்டிருந்தார். பாலாற்றுக் கல், தண்ணீர், கல்லைத் தேய்க்கிற எமரிப் பொடி மூன்றையும் போட்டு மூடினால் டிரம் ஒரு வாரம் சுற்றும். திறந்து கழுவி, இன்னும் சன்னமான பொடி போட்டு மறுபடி ஒரு வாரம். மாசக் கடைசியில் கல் கண்ணாடியாகிவிடும். மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். திறக்கும்போது வரும் அந்த ஈரச் சேற்று வாசனை எனக்குப் பிடிக்கும். மசக்கை அல்லவா, ஒரு விரல் நக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

கொட்டகையில் இரண்டே பெண்கள், நானும் மும்தாஜும். அவள் கடைத்தெருக்காரி, நான் கடலோரக் குப்பத்துக்காரி. அவளுக்கு வாய் நீளம், எனக்கு அதைவிட நீளம். கிணற்றிலிருந்து மணலில் கால் புதையப் புதையத் தண்ணீர் தூக்குவது எங்கள் வேலை. கல் பிரிப்பதை முதலாளியே செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் சொன்னார்: "மாசம் பொறந்தா நான் மாமல்லபுரத்துக் கடையப் பாத்துக்கணும். உங்கள்ல ஒருத்தி உக்காந்து கல்லு பிரிங்க, ஒருத்தி தண்ணி தூக்குங்க. யாருன்னு நீங்களே பேசிக்கினு சொல்லுங்க."

எனக்கு அஞ்சாம் மாசம். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. உட்காரும் வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வாங்குவது என்றால் எனக்கு நாக்கு வராது. அதனால், "அஞ்சாங்கல் ஆடுவோம், ஜெயிக்கிறவ உக்காரட்டும்" என்றேன். அஞ்சாங்கல்லில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். என் கற்கள் ஐந்தும் பளபளவென்று இருந்தால் அவள் பார்த்த மாத்திரத்தில் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. முதலாளி பார்க்காதபோது ஐந்தையும் டிரம்முக்குள் போட்டுவிட்டேன். நாலு வெங்கச்சாங்கல், வெள்ளையாகக் கெட்டியாக இருக்குமே அது. ஐந்தாவது சிவப்பு, அழகுக்காகக் கடற்கரையில் பொறுக்கியது.

முதல் வாரம் கழித்துத் திறந்தபோது சேறு செக்கச்செவேல் என்று வந்தது.

"இன்னா இது, எந்தக் கல்லு இப்டி கரையுது?" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிவப்பு, கல்லே இல்லை. கோட்டைச் சுவரிலிருந்து விழுந்த செங்கல் துண்டு. கடல் உருட்டி உருட்டிக் கல் மாதிரி ஆக்கியிருந்தது. கெட்டியான கற்களுக்கு நடுவில் அது தூளாகிவிட்டது. நிறம் பார்த்துச் சேர்க்கக்கூடாது, கெட்டி பார்த்துத்தான் சேர்க்கவேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆணியால் கீறிப் பார், பல்லில் வைத்துப் பார், மாவு மாதிரி இருந்தால் தள்ளி வை.

மாசக் கடைசியில் மீதி நாலும் கண்ணாடியாக வந்தன. ஐந்தாவதுக்கு ஒரு புதுக் கல்லைச் சேர்த்துக்கொண்டு ஆட உட்கார்ந்தேன். தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தினால் ஒன்றுகூட நிற்கவில்லை. விலாங்கு மாதிரி வழுக்கி ஓடின. மும்தாஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, கல்லுக்கு எண்ண தேச்சி குளிப்பாட்டினியா?"

தோற்றேன். அவள் பலகையில் உட்கார்ந்தாள். நான் வாளியைத் தூக்கினேன். இரண்டாம் நாள், "நீ வந்து உக்காருடி, மூஞ்சி வெளுத்துக் கீது" என்றாள்.

"தோத்துட்டு உக்கார நான் இன்னா பிச்சைக்காரியா?" என்றேன். அவ்வளவு வீறாப்பு. ராத்திரி இடுப்பு வலியில் அழுதது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நாலாம் நாள் முதலாளி வந்து பிரித்த கூடையைக் கிளறிப் பார்த்தார். வெங்கச்சாங்கல்லோடு மாக்கல், பொம்மை செதுக்குகிற அந்த மெத்துக் கல், ஏழெட்டுத் துண்டு கலந்திருந்தது.

"நகத்தால கீறினாலே மாவு வருது. இதக்கூட பாக்கத் தெரியலியா உனக்கு?"

"எனக்கு எங்க தெரியும் மொதலாளி, எல்லாமே கல்லாத்தான் கீது. அவளாண்ட குடுங்க, அவ கடிச்சே சொல்லுவா. நான் தண்ணி தூக்கிக்கினு போறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

நான் உட்கார்ந்தேன். "பாத்தியா, இதுக்கெல்லாம் மூளை வேணும்" என்றுகூட அவளிடம் சொன்னேன். சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கிள்ளத் தோன்றுகிறது. மார்கழியில் மகன் பிறந்தான், முழுசாக.

அடுத்த பெருநாளுக்கு அவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளிக்குழம்பு வந்தது, அவள் பாட்டி காலத்துக் கல்சட்டியில். மாக்கல்லில் குடைந்தது. சின்ன வயசிலிருந்து தினமும் அதைத் தேய்த்துக் கழுவியவளுக்கு மாக்கல் தெரியாதா?

"மும்தாஜு, இது மாக்கல்லுதானே?"

"சோறு துன்னும்போது இன்னாடி கல்லு பேச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோ" என்றாள்.

டிரம் துருப்பிடித்து எடைக்குப் போனது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது யாரோ காம்பவுண்டு கட்டிவிட்டார்கள். மும்தாஜ் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் தட்டை நீட்டினேன், அவள் ஊற்றினாள்.