புளி போட்டு விளக்கிய பவுண்

எங்கள் சாச்சா, அதாவது உம்மாவின் தங்கையின் புருஷன், கல்முனை பசாரில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர். மனிதர்களை எடைபோடுவதில் அவ்வளவு கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய தங்கப் பவுணையும், ஞாபகத்துக்கென்று விற்கிற போலிப் பவுணையும் கலந்து கொடுத்தால், சோறு தின்றுகொண்டே இடது கையால் பிரித்துவிடுவார். அரபு நாட்டுக்குப் போய்வந்தவர்கள் இரண்டையும் கொண்டுவந்து குவித்த காலம் அது.

என் உம்மாவும் அப்போது குவைத்தில்தான் இருந்தார். வாப்பா சம்மாந்துறையில் இன்னொரு கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட, எனக்கொரு வீடு கட்டவேண்டுமென்று உம்மா வேலைக்குப் போனார். பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் எங்களூரில் கலியாணப் பேச்சே எழாது. எனக்கோ அப்போது பால்பல்கூட விழுந்து முடியவில்லை. போகிற அன்று என்னைத் தன் தங்கையான சாச்சியின் வீட்டில் விட்டுவிட்டு, தங்கக் காசு கோத்த தன் பவுண் மாலையை என் கழுத்தில் போட்டார்.

“நான் வந்துதான் கழட்டுவன் மகள். அதுவரைக்கும் உம்மா ஒன்ட கழுத்திலதான் இரிப்பன்.”

நான் அதை அப்படியே நம்பினேன். ராஜாவின் தலை போட்ட காசு, தொழுகையில் உருவம் ஆகாது என்பதால், உம்மா தொழும்போது செய்வதுபோல, குர்ஆன் ஓதப் போகும்போது அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வேன். சாச்சியின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் அவரைக் கட்டிக்கொண்டு தூங்க, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் பவுணை வாயில் வைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன்.

இடைக்கிடை உம்மா பேசி அனுப்பிய கேசட் வரும். ஒவ்வொன்றும் ஒரே கேள்வியில்தான் முடியும். “பவுண் கழுத்தில இரிக்கா மகள்? யாருக்கிட்டயும் குடுத்திராத.” என்னைவிடப் பவுணைத்தான் தேடுகிறாரோ என்று எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் சாச்சா பிள்ளைகளுக்கு வித்தை காட்டினார். இரண்டு பவுணில் எது நிசம்? எல்லோரும் நன்றாக மினுங்கியதைக் காட்டினோம். அவர் சிரித்தார்.

“நிசமானது தேஞ்சாலும் மேட்டிலதான் தேயும், ராஜாட மூக்கில, கன்னத்தில. பள்ளத்தில கோடெல்லாம் கூராயிரிக்கும். போலி பொறக்கக்குள்ளயே முழுக்க மங்கல். விளிம்பில பாருங்க, வார்த்த கோடு ஓடும்.”

நான் என் கழுத்தை நீட்டினேன். அவர் தொடவில்லை. “ஒங்கட உம்மாட சாமானப் பாக்கத் தேவல்ல,” என்று எழுந்து போய்விட்டார். மீன் வெட்டிக்கொண்டிருந்த சாச்சி தலை நிமிரவில்லை.

மறுநாள் கிணற்றடி வெயிலில் நானே பார்த்தேன். ராஜாவின் தலைமயிர் பிசைந்த மாவாக இருந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு. கொளுக்கிக்குக் கீழே பூச்சு உரிந்து வேறு நிறம் தெரிந்தது.

எனக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டபோது மாலையைக் கழற்றி வைத்தவர் சாச்சிதான். அப்போதுதான் மாற்றியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். சொன்னால் உம்மாவும் சாச்சியும் சாகும்வரை முகம் பார்க்கமாட்டார்கள். பிறகு உம்மா திரும்பவும் குவைத்துக்குப் போனால் நான் யார் வீட்டில் இருப்பது? சொல்லாமல் இருந்தேன். சாச்சி தலை வாரும்போது மட்டும் உடம்பை இறுக்கிக்கொள்வேன். அவர் ஏனென்று ஒருநாளும் கேட்கவில்லை.

உம்மா வருகிறார் என்று தெரிந்தபோது பவுண் கறுத்துக் கிடந்தது. பித்தளைச் செம்பை சாச்சி எப்படி விளக்குவார் என்பது ஞாபகம் வந்தது. கொஞ்சம் பழப்புளி எடுத்துப் போய்த் தேய்த்தேன். பவுண் பளபளத்தது.

உம்மா மெலிந்து வந்திறங்கினார். என்னை அணைத்தபடியே பவுணைக் கையிலெடுத்து முகத்தருகே கொண்டுபோனார். புளி வாசம் அடித்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார். தங்கத்தை யாரும் புளி போட்டு விளக்குவதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

“உங்கட பவுண்தான் உம்மா,” என்றேன் அவசரமாக. “அப்பிடியே இரிக்கி.”

“ஓம் மகள்,” என்று சொல்லி உம்மா அழுதார். பவுண் பத்திரமாக இருக்கிற சந்தோஷம் என்று நினைத்தேன்.

நிசப் பவுண், உம்மா விமானம் ஏறுமுன்பே, குவைத்துக்கு அனுப்பிய கூலியாக ஏஜென்சிக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாச்சா தேடிக் கொடுத்த போலியைத்தான் உம்மா என் கழுத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாச்சி இதைச் சொன்னது எனக்குக் கலியாணம் பேசிய நாட்களில். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், உம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்பதுதான். அவருடைய தோளுக்கு மேலால் சாச்சியைப் பார்த்து, பயப்படாதீர்கள், நான் சொல்லமாட்டேன் என்று கண்ணால் காட்டினேன். சாச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.