கடலுக்குப் போகிறவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

நெடுந்தீவில், கடலுக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அன்று வலை வெறுமையாக வரும் என்பார்கள். சிலர் கேட்டவரை முறைத்துவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடுவார்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த ஜெயந்தா அக்காவுக்கு அதைக் கேட்பதுதான் வேலை. எந்த வள்ளம், எத்தனை பேர், எந்தத் திசை என்று விடியற்காலையில் கரையில் நின்று பதிய வேண்டும்.

அவருக்கு முன் இருந்தவர் யாரையும் கேட்டதில்லை. வள்ளங்கள் போன பிறகு, திசைக்குரிய இடத்தில் எல்லோருக்கும் 'கடல்' என்று எழுதிவைத்தார். அது பொய்யுமல்ல.

ஜெயந்தா அக்காவும் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பயம் அவருக்கும் தெரியும். அதனால் முதல் நாளே கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

"எந்தப் பக்கத்தாலை திரும்பி வருவியள்?"

வருவதைப் பற்றிக் கேட்டால் யார்தான் கோபிப்பது? அநேகர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அருளப்பு அண்ணை மட்டும் திசையைச் சொல்ல மறுத்தார். அக்கா தினமும் பதிவுக் கொப்பியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவருடைய வள்ளத்தருகே நின்றார்.

"பிள்ளை, கொப்பி நனையப்போகுது. கரைக்குப் போம்."

"நனைஞ்சா வேற கொப்பி வாங்கலாம், அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ."

எட்டாம் நாள்தான் அவர் பதில் சொன்னார்.

போன தை மாதம் ஒரு நாள் வாடைக்காற்று பலமாக வீசியது. பதினொரு மணிக்கு வர வேண்டிய அருளப்பு அண்ணையின் வள்ளம் இரண்டு மணியாகியும் வரவில்லை. அவருடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மனைவி மரியநாயகி அக்கா கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேடிப்போகும் அளவுக்கு எண்ணெயோடு நின்றது ஒரே ஒரு வள்ளம். அவர் வழக்கமாகக் கிழக்கே போகிறவர் என்பதால் அந்தப் பக்கமே புறப்பட ஆயத்தமானார்கள்.

ஜெயந்தா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இன்று அவர் மேற்கே போனார் என்றார். திசை பிழைத்தால் இருட்டுவதற்குள் இன்னொரு தரம் தேட ஏலாது. சங்கத் தலைவர் டெனிஸ்ரன் அண்ணை அவரை உற்றுப் பார்த்தார்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். காலமை அஞ்சேகாலுக்கு கச்சான் பக்கத்தாலை, மேற்காலைதான் வருவன் எண்டு சொன்னவர். ரெண்டு பேர் போனவை."

"எண்ணெய் எவ்வளவு கொண்டு போனவர்?"

"அது தெரியாது. நான் கேக்கேல்லை."

இந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் என்றால் வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லியிருப்பேன். அக்கா தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொன்னார். அதனால்தான் டெனிஸ்ரன் அண்ணை அவரை நம்பினார் என்று நினைக்கிறேன். வள்ளம் மேற்கே போனது.

நாலரை மணிக்கு, இயந்திரம் பழுதாகி வெகுதூரம் இழுபட்டுப்போயிருந்த வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அருளப்பு அண்ணையும் கூடப்போனவரும் நாக்கு வறண்டு இறங்கினார்கள். மரியநாயகி அக்கா அப்போதுதான் அழுதார்.

மறுநாள் காலை அக்கா கொப்பியில் புதிதாக ஒரு கோடு கீறி, எண்ணெய் எத்தனை லீற்றர் என்றும் கேட்கத் தொடங்கினார்.

"நாளைக்கு என்ன கறி எண்டும் கேப்பா," என்று ஒருவர் பகிடி பண்ணினார்.

"தேவைப்பட்டா அதையும் கேப்பன். இப்ப எத்தினை லீற்றர்?" என்றார் அக்கா, பேனையை எடுத்தபடி.