மெயின் சுவிட்சில் வைத்த கை

அன்று ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தோம். எலக்ட்ரீசியனான நான், போர்மேன் அண்ணாச்சி, பில் போடும் ராசாத்தி அக்கா. வெளியே ஷெட்டுகளில் பட்டாசுக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவர்கள் முப்பத்து நாலு பேர்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. சவுண்டுக்கான டிரைவர் சாப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. கடைசியில், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை புரோகிராமான பயாஸுக்கு அப்டேட்டை ஓடவிட்டேன். நடுவில் கரண்டு போனால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று திரையில் எழுதியிருந்தது. பாதி ஓடியிருக்கும், இடி இடித்தது.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் இடி கேட்டதும், மின்னல் வயர் வழியே ஷெட்டுக்குள் வராதபடி மெயின் சுவிட்சை அணைத்து எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். அண்ணாச்சி ஷெட்டுகளுக்கு ஓடினார். நான் மெயினில் கையை வைத்தபடி திரையையே பார்த்து நின்றேன்.

"ஆப் பண்ணுலே" என்றார் அக்கா.

"கொஞ்சம் பொறுங்கக்கா. மொதலாளியக் கேக்காம ஆரம்பிச்சிட்டேன்."

"எம் மக ரெண்டாம் ஷெட்டுல இருக்கா. அவளக் கேட்டியா?"

என் கைமேல் தன் கையை வைத்துச் சுவிட்சைக் கீழே இழுத்தார். திரை இருண்டது. அந்தக் கம்ப்யூட்டர் பிறகு எழவே இல்லை.

நான் தயங்கியது அரை நிமிடம் இருக்கும். அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. நானேதான் இப்போது சொல்கிறேன்.

கேட்டில் அண்ணாச்சி தலைகளை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

முப்பத்து நாலு.